அணைக்காமல் பறந்த கேமரா

அத்தியாயம் 14

ராக்கெட் மேலே போனபோது மார்லிஸ் அதைப் பார்க்கவில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கர்ட் தொப்பியைக் கழற்றி மார்போடு அழுத்திக்கொண்டு, வாயைத் திறந்தபடி அண்ணாந்து நின்றான். பத்தொன்பது வயது. நான்கு மாதமாக கராஜில் பசை நாற்றத்துக்கு நடுவே உட்கார்ந்து ஒட்டிய ஆறடிச் சிவப்பு ராக்கெட். பெரிய மோட்டாரில் முதல் பயணம். பாராசூட் விரிந்து, துடுப்பு உடையாமல் இறங்கி, அதைத் தூக்கிக்கொண்டுபோய் ராக்கெட் சங்கத் தலைவர் வெர்னிடம் காட்டிவிட்டால் தேர்வில் தேறியாயிற்று.

"விரிஞ்சுடுச்சு! அக்கா, விரிஞ்சுடுச்சு!"

ஸ்டெக்லைன் வீட்டில் யாரும் இப்படிச் சிரித்துப் பத்து மாதம் ஆகிறது. அந்தச் சிரிப்பை விட்டுக் கண்ணை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

எடுத்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் மாதத்து கான்சஸ் வானம் சலவைக்குப் போட்ட துணிபோல வெளுத்துக் கிடந்தது. தெற்குக் காற்று பாராசூட்டைப் பிடித்து, கோதுமை அறுத்த தாள்வெளிக்கு அப்பால், பக்கத்து நிலக்காரரின் மக்காச்சோளத்தை நோக்கித் தள்ளிக்கொண்டு போயிற்று. ஒலிபெருக்கியில் வெர்ன், "அடுத்தது மூணாவது மேடை" என்றார். அவர் குரல் இன்றைக்கு எல்லோரிடமும் கொஞ்சம் மரியாதையாக இருந்தது. கெட்ட காரியம் செய்யப்போகிற நாளில் மனிதர்களுக்கு வருகிற மரியாதை.

இரண்டு மணிக்குச் சங்கம் கூடுகிறது. பேசப்போவது ஒரே விஷயம். முப்பத்தோரு வருடம் இந்த மைதானத்தில் ராக்கெட்டைக் கிளப்பும் பட்டன் பெட்டி மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, எண்ணி, பத்திரமாக ராக்கெட் விட்ட அவள் அப்பா லீலண்ட் ஸ்டெக்லைனை இனி வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா.

போன அக்டோபரில் ஒரு மதிய இடைவேளை. தூறல். எல்லோரும் கூடாரத்தில் சாப்பிட வரிசையில் நின்றபோது, லூயெல்லா ஊர்பன் மட்டும் தன் ராக்கெட்டின் மின்திரியைச் சரிசெய்ய ஏவுமேடைக்குப் போனாள். இடைவேளையில் போகலாம். பெட்டியின் சாவியைக் கழற்றி அப்பா கழுத்தில் மாட்டிக்கொள்வார், சாவி இல்லாமல் எதுவும் பற்றாது. அப்படி இருக்கையில் பக்கத்து மேடையிலிருந்த ராக்கெட் எண்ணாமல், எச்சரிக்காமல் நெருப்பைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. லூயெல்லாவின் இடது கண் போயிற்று.

கிளம்பியது மார்லிஸின் ராக்கெட்.

"சாவியை எடுக்க மறந்துட்டேன். பட்டன்ல என் கை பட்டுடுச்சு." அப்பா அன்றைக்குச் சொன்னது அவ்வளவுதான். பத்து மாதத்தில் அதில் ஒரு சொல்லைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

மார்லிஸ் அதை நம்பவில்லை. பெட்டி பழசு. ஈரத்தில் தானாகவே பற்றியிருக்கும் என்று சொல்லிச் சொல்லி அவள் தொண்டை வறண்டதுதான் மிச்சம். காட்டுவதற்குக் கையில் ஒன்றுமில்லை.

அம்மா ரோவீனா நம்பினாள். லூயெல்லா அவளுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து தோழி. அக்டோபரிலிருந்து அம்மா மாடியறையில் படுக்கிறாள். சாப்பாட்டு மேசையில் அப்பாவுக்கு எதிரே உப்பு இருந்தால், "கர்ட், உப்பு வேணும்னு சொல்லு" என்பாள். போன வாரம் பெட்டி கட்டிவிட்டாள். நாளைக் காலையில் ஹேஸ் நகரில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போகிறாள். திரும்பும் நாளைச் சொல்லவில்லை.

"வீடியோ எப்படி வந்திருக்கும்னு பாக்கணும்," என்றான் கர்ட்.

"எந்த வீடியோ?"

"பக்கவாட்டுல கேமரா ஒட்டினேனே, பாக்கல? தீப்பெட்டி சைஸ்ல, ஆரஞ்சு டேப் சுத்தினது. உன்னோடதுதான். கேட்டா தரமாட்டேன்னு கேக்கல."

மார்லிஸின் காதுக்குள் காற்று நின்றுவிட்டது போலிருந்தது.

"என் கேமரா அக்டோபர்ல ராக்கெட்லேர்ந்து பிச்சுக்கிட்டுப் போயிடுச்சுடா. அப்பா அன்னிக்கே தேடினாரு. கிடைக்கலைன்னாரு."

"அப்பாவோட சாமான் பெட்டியில இருந்துச்சு. அடித்தட்டுல, மணல்தாளுக்குக் கீழ, துணியில சுத்தி. நான் பசை தேடினப்ப..."

"உள்ள கார்டு இருந்துச்சா?"

"இருந்துச்சே. காலைல தேதி மாத்தறதுக்கு லேப்டாப்புல போட்டேன். ஏதோ பழைய வீடியோ நாலஞ்சு துண்டு இருந்துச்சு. நான் திறக்கல. இடம் முக்கால் மணி நேரத்துக்குக் காலியா இருந்துச்சு, போதும்னு விட்டுட்டேன்."

"இடம் தீந்தா என்ன ஆகும்?"

"பழசை அழிச்சுட்டு அது மேலயே எடுக்கும். அஞ்சஞ்சு நிமிஷத் துண்டா. நாம ஒண்ணும் பண்ண வேண்டாம், அதுவே..." கர்ட் அப்போதுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தான். "என்னக்கா? ஏன் இப்படி வெளுத்துப்போன?"

அக்டோபரில் அவள் ராக்கெட்டை மேடையில் நிறுத்திக் கேமராவை முடுக்கினாள். அப்புறம்தான் வெர்ன் இடைவேளை என்று அறிவித்தார். சாப்பிடப் போகிற அவசரத்தில் அணைக்க மறந்துவிட்டாள். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. ராக்கெட் தானாகக் கிளம்பியபோதும் ஓடியது. மேலே போகிற ராக்கெட்டின் கேமரா கீழே பார்க்கும். மேடையைப் பார்க்கும். மேசையைப் பார்க்கும். பட்டன் பெட்டியின் மேல் யார் கையும் இல்லை என்பதைப் பார்த்திருக்கும்.

அது இத்தனை நாள் அவர்கள் வீட்டிலேயே, மணல்தாளுக்கு அடியில் இருந்திருக்கிறது. இப்போது மக்காச்சோளத்துக்குள் கிடந்து, வானத்தையோ மண்ணையோ படம் பிடித்துக்கொண்டு, அக்டோபரை ஐந்தைந்து நிமிடமாகத் தின்னக் காத்திருக்கிறது.

"எத்தனை மணிக்கு ஆன் பண்ணின?"

"பன்னெண்டு அஞ்சு."

"அன்னிக்கு நான் ஆன் பண்ணிக் கால் மணி நேரம் கழிச்சுத்தான் அது கிளம்பிச்சு. அப்ப முதல் மூணு துண்டு போனாப் பரவாயில்ல. நாலாவது போகக் கூடாது."

கர்ட் விரல் விட்டு எண்ணினான். படிப்பில் மந்தம் என்று பெயர் வாங்கியவன், இந்தக் கணக்கை மட்டும் மின்னல்போலப் போட்டான்.

"ஒண்ணு அஞ்சு. அதுக்குள்ள அணைக்கணும்." அவன் உதடு நடுங்கியது. "அக்கா, எனக்குத் தெரியாதுக்கா."

"அழாத. எங்க விழுந்துச்சு?"

இருவரும் வடக்கே பார்த்தார்கள். வானம் காலி. அரை மைல் அகலத்துக்கு, ஆள் உயரத்தைத் தாண்டிய மக்காச்சோளம்.

"நான் குதிச்சுக்கிட்டு இருந்தேன்," என்றான் கர்ட் ஈனக் குரலில்.

விழுகிற ராக்கெட்டை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. அடிவானத்தில் ஒரு அடையாளம் பிடித்து, அதற்கு நேராகக் கையை நீட்டி, நீட்டிய கையோடு நடக்க வேண்டும். நடக்கக் கற்ற வயதிலேயே அப்பா சொல்லிக்கொடுத்தது. இருவரும் இன்றைக்குத்தான் மறந்திருக்கிறார்கள்.

"அப்பா பாத்திருப்பாரு," என்றாள் மார்லிஸ். ஓடினாள்.

*

லீலண்ட் மைதானத்துத் தடுப்புக் கயிற்றுக்கு வெளியே, தன் டிரக்கின் பின்பலகை மேல் ஏறித் தனியாக நின்றிருந்தார். அக்டோபரிலிருந்து மேசைப் பக்கம் அவர் வரக் கூடாது. ஆனால் பார்க்கலாம். மகள் ஓடி வருவதைக் கண்டதும் நீட்டியிருந்த கையைக் கீழே போட்டார்.

"அப்பா! கேமரா கிடைச்சுடுச்சு! என் கேமரா! கர்ட்டோட ராக்கெட்ல இருக்கு!"

"எந்தக் கேமரா?"

"ஆரஞ்சு டேப்பு! அக்டோபர் வீடியோ அதுலயே இருக்குப்பா! உங்க பெட்டியில இருந்துச்சாம், நீங்க எங்கயோ எடுத்துப் போட்டு மறந்திருக்கீங்க!"

அப்பாவின் வலதுகை மார்புக்குப் போயிற்று. முப்பத்தோரு வருடமாகச் சாவி தொங்கிய இடம். சட்டைப் பொத்தானைத் தடவிவிட்டுக் கை கீழே இறங்கியது. முகத்தில் இரத்தம் இல்லை. மகிழ்ச்சி தாங்காமல் என்று மார்லிஸ் நினைத்துக்கொண்டாள்.

"ஓடிக்கிட்டே இருக்குப்பா. ஒண்ணு அஞ்சுக்குள்ள அணைக்கலைன்னா அழிஞ்சுடும். எங்க இறங்கிச்சு?"

அவர் வடக்கே பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எலிவேட்டருக்கு நேரா," என்றார். எலிவேட்டர் என்கிற அந்தத் தானியக் கிடங்கு அடிவானத்தில் வெள்ளைப் பல்போல முளைத்திருந்தது. "ஓரத்துலேர்ந்து முந்நூறு அடி உள்ள. நான் டிரக்கை ஓரத்துல நிறுத்தி வாக்கி-டாக்கியில வழி சொல்றேன். நீங்க ரெண்டு பேரும் உள்ள போங்க. சோளத்தட்டை உடையாமப் போங்க."

அப்பா நீட்டிய கை ஒரு தடவைகூடத் தவறியதில்லை. பனியில், மாலையிருட்டில், காட்டுப்புல்லில், மற்றவர்கள் தொலைத்ததையெல்லாம் கண்டெடுத்துக் கொடுத்த கை அது. மார்லிஸ் மறு யோசனை இல்லாமல் சோளத்துக்குள் நுழைந்தாள்.

*

உள்ளே காற்று இல்லை. வெயில் மட்டும் எப்படியோ வழி கண்டுபிடித்து வந்திருந்தது. இலைகளின் ஓரம் ரம்பம். கையைத் தூக்கி முகத்தை மறைத்தால் கையைக் கீறியது, கையை இறக்கினால் கன்னத்தைக் கீறியது. மகரந்தம் வியர்வையில் ஒட்டிக் கழுத்தை அரித்தது. இரண்டு எட்டுக்கு அப்பால் கர்ட்டின் தொப்பிகூடத் தெரியவில்லை.

"கொஞ்சம் வலது பக்கம்," என்றது வாக்கி-டாக்கி. "இன்னும் இருபது வரிசை."

பன்னிரண்டு முப்பத்தொன்று.

"அக்கா, இது கிடைச்சா அப்பாவை விட்டுடுவாங்களா?"

"பெட்டி மேலதான் தப்புன்னு கண்ணால பாத்தப்புறம் என்ன பேசுவாங்க?"

"அம்மா ஊருக்குக் கட்டின பெட்டியைப் பிரிச்சுடுவாளா?"

"நடடா."

"பிரிச்சா உள்ள இருக்கற அந்த அசிங்கப் பச்சை ஸ்வெட்டரை முதல்ல எடுத்து மறைச்சு வெக்கணும். எனக்குப் போட்டுவிடணும்னே பின்னியிருக்கா."

மார்லிஸுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்த வீட்டுக்கு நடுவே யாரோ அளவெடுத்து ஒரு கோடு கிழித்துவிட்டுப் போனதுபோல இருந்தது இந்தப் பத்து மாதமும். கோட்டின் இந்தப் பக்கம் அடுப்பு, அந்தப் பக்கம் கராஜ். இவளும் கர்ட்டும் கோட்டைத் தாண்டித் தாண்டியே களைத்துவிட்டார்கள்.

"இன்னும் உள்ள போங்க," என்றார் அப்பா.

பன்னிரண்டு நாற்பத்து நான்கு. முந்நூறு அடி எப்போதோ தாண்டியாயிற்று.

"இடது பக்கம் திரும்பு. பத்து வரிசை."

"அப்பா, நிச்சயமாத் தெரியுமா?"

கொஞ்சம் இரைச்சல். "தெரியும்."

கர்ட் தடுக்கி விழுந்து எழுந்தான். அவன் முழங்கையிலிருந்து இரத்தம் ஒழுகியது. மார்லிஸ் ஒரு வரிசையில் இருபதடி ஓடினாள், அடுத்ததில் திரும்பினாள், மறுபடி ஓடினாள். எல்லா வரிசையும் ஒரே வரிசை. சிவப்பாக ஒன்றும் இல்லை, ஆரஞ்சாக ஒன்றும் இல்லை. மாதாவே, ஒரு துணி நுனியாவது கண்ணில் காட்டு.

ஐம்பது. முதல் துண்டைத் தின்ன ஆரம்பித்திருக்கும்.

அப்போது வாக்கி-டாக்கியில் வேறொரு குரல் குறுக்கே வந்தது. கரகரப்பான, அவசரமே அறியாத குரல். பதிவு மேசையில் இன்றைக்கு லூயெல்லா உட்கார்ந்திருந்தாள்.

"மார்லீ, சோளம் ஆடறதை வெச்சு உங்களைப் பாத்துக்கிட்டே இருக்கேன். எலிவேட்டர் பக்கம் என்ன பண்றீங்க ரெண்டு பேரும்? பிக்னிக்கா?"

"ராக்கெட்டைத் தேடறோம்!"

"அது அங்க இல்லடி கண்ணு. தனியா ஒரு காட்டன்வுட் மரம் நிக்குதுல்ல, அதுக்கு நேரா இறங்கிச்சு. ஓரத்துலேர்ந்து நூறு அடிகூட இருக்காது. எனக்கு இருக்கறது ஒரு கண்ணுதான். ஆனா அது நல்ல கண்ணு."

மார்லிஸ் நின்றுவிட்டாள்.

காட்டன்வுட் மரம் எலிவேட்டருக்குக் கிழக்கே கால் மைல் தள்ளி இருக்கிறது. கண் தப்புகிற தூரமில்லை. யாருக்கும் தப்பாது. அப்பாவுக்குத் தப்பவே தப்பாது.

"அப்பா?" என்றாள் வாக்கி-டாக்கியில்.

இரைச்சல்கூட இல்லை.

*

சோளத்தை விட்டு வெளியே விழுந்தபோது அப்பா டிரக்கின் பக்கத்தில் நின்றிருந்தார். ஓடவில்லை, ஒளியவில்லை. கைகள் இரண்டும் தொங்கின.

"வண்டிச் சாவியைக் குடுங்க."

"விட்டுடு, மார்லீ."

"எதை விடணும்?"

"கேமராவை. போகட்டும்."

"தெரிஞ்சே தப்பான வழி காட்டினீங்களா?"

அவர் மகளின் கீறல் விழுந்த கன்னத்தைப் பார்த்தார். தொட நினைத்த கை பாதியில் நின்றது.

"பத்து மாசமா வெச்சிருந்தேன். வாரத்துக்கு ரெண்டு தடவை எறியணும்னு எடுப்பேன். எறிய முடியல. இப்ப அதுவா அழியப்போகுது. விட்டுடும்மா. கெஞ்சிக் கேக்கறேன்."

அப்பா கெஞ்சி அவள் கேட்டதில்லை. அப்படியானால் அவர்தானா? பெட்டி பழுதில்லையா? கை பட்டதுகூட இல்லையா? அதைவிட மோசமான ஏதாவது அதில் இருக்கிறதா?

தெரியாமல் இருப்பதுதான் இதுவரை இந்த வீட்டைத் தின்றது.

"சாவி வண்டியிலயே இருக்கு," என்றான் கர்ட் பின்னாலிருந்து. அவனுக்கு எதுவும் புரிந்திருக்கவில்லை. "மணி அம்பத்தஞ்சு, அக்கா!"

அவள் வண்டியைக் கிளப்பினாள். கண்ணாடியில் அப்பா சிறுத்துக்கொண்டே போனார். வண்டியைத் துரத்திச் சில எட்டுகள் ஓடி, பிறகு நின்றுவிட்ட மனிதர்.

மரத்துக்கு நேரே நிறுத்திக் குதித்தார்கள். "நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்!" இலைகள் கீறியதை இந்தத் தடவை அவள் உணரவில்லை. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. ஒரு மணி. வரிசை மாறி வரிசை. ஒன்று ஒன்று. மூச்சில் மகரந்தம் ஏறி இருமல் வந்தது. ஒன்று இரண்டு.

"அக்காஆஆ!"

குரல் வந்த திசையில் தட்டைகளைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தாள். உடைந்தால் உடையட்டும். பாராசூட் கதிர்களின் மேல் விரித்துப் போட்ட போர்வைபோலக் கிடந்தது. கீழே சிவப்பு ராக்கெட் ஒரு கீறலும் இல்லாமல், தூங்குகிற குழந்தைபோலச் சாய்ந்திருந்தது. அதன் விலாவில், ஆரஞ்சு டேப்புக்கு நடுவே, ஒரு சிவப்புப் புள்ளி மினுக் மினுக் என்றது.

விரல் வியர்வையில் வழுக்கியது. ஒரு தடவை. இரண்டு தடவை. பல்லால் டேப்பைக் கடித்து இழுத்து, நகத்தை உள்ளே விட்டு அழுத்தினாள்.

புள்ளி அணைந்தது.

ஒன்று நான்கு.

*

"வெர்ன்கிட்ட காட்டிட்டு வரேன்," என்று ராக்கெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கர்ட் போய்விட்டான். தேறிவிட்டான். அந்த நாளில் அந்தக் குடும்பத்துக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

மார்லிஸ் வண்டிகள் நிற்கும் இடத்துக்குத் திரும்பி, டிரக்கின் உள்ளேயே உட்கார்ந்து, தம்பியின் லேப்டாப்பை மடியில் விரித்தாள். பழைய துண்டுகள் ஐந்தில் மூன்று போய்விட்டன. நான்காவது இருந்தது. திறந்தாள்.

ஈரப் புல். ஏவுமேடையின் இரும்புக் கால். தூறல் விழும் சத்தம். தூரத்தில் கூடாரத்துச் சிரிப்பு. லூயெல்லாவின் பூட்ஸ் காலடி, அவள் ஏதோ முணுமுணுக்கும் பாட்டு. இரண்டு கண்ணும் உள்ள லூயெல்லா.

பிறகு வெடிப்பு.

புகை விலகியது. தரை கீழே கீழே போயிற்று. மேடைகள், கயிறு, மேசை. மேசைக்கு முன்னால் ஒரு மஞ்சள் மழைக்கோட்டு.

மார்லிஸ் படத்தை நிறுத்தினாள். பெரிதாக்கினாள்.

பட்டன் பெட்டி தெரியவில்லை. அதன் மேல் ஒரு பெரிய அலுமினியத் தட்டு இருந்தது. கோஸும் கறியும் திணித்துச் சுட்ட பீராக் ரொட்டிகள் அடுக்கிய தட்டு. மஞ்சள் கைகள் இரண்டு தட்டின் விளிம்பை இன்னும் விடவில்லை. மேசையைச் சுற்றி வேறு யாரும் இல்லை.

அந்த மழைக்கோட்டை எல்லோருக்கும் தெரியும். மறுவாரமே அது மாதா கோயில் பழந்துணிப் பெட்டிக்குப் போய்விட்டது. "போட்டுக்கிட்டா லூயெல்லாவோட அலறல் கேக்குது," என்றாள் அம்மா.

படத்தை மீண்டும் ஓடவிட்டாள். மைதானம் கைக்குட்டை அளவு சுருங்கியது. ஒரு மூலையில் கழிப்பறைக் கூண்டின் கதவு திறந்து ஆடியது. அங்கிருந்து ஒரு சின்ன உருவம், நீளக் கால், ஒரு கையை முன்னால் நீட்டியபடி, மேசையை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தது.

சாவியை விட்டுவிட்டுப் போனவர். அது பொய்யில்லை. ஓடி வந்து, யாரும் பார்ப்பதற்குள் தட்டை எடுத்து அந்தண்டை வைத்தவர். 'என் கை பட்டுடுச்சு' என்றவர்.

'தட்டை மேசையில வெச்சேன், சத்தம் கேட்டுச்சு. லூயெல்லாவைப் பாத்து ஓடிட்டுத் திரும்பினா, அவர் பெட்டிகிட்ட நிக்கறாரு.' அம்மா நூறு தடவை சொல்லியிருக்கிறாள். பொய்யே சொல்லத் தெரியாத வாய். தட்டுக்கு அடியில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. இன்று வரை தெரியாது.

பத்து மாதம். மாடியறை. உப்பு. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் லூயெல்லா வீட்டுக்குப் பாத்திரத்தோடு போய், கண்ணுக்கு மருந்து விட்டு, வீடு திரும்பி, கணவனின் முகத்தைப் பார்க்காமல் மாடியேறும் அம்மா. கீழே கராஜில், தன் பக்கம் பேசக்கூடிய ஒரே சாட்சியைத் துணியில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்பா. எறிய முடியாமல். காட்டவும் முடியாமல்.

இதைக் கொண்டுபோய்க் காட்டினால் இரண்டு மணிக்கு அப்பா பிழைப்பார்.

அம்மா?

மார்லிஸ் அழிக்கும் பொத்தானின் மேல் விரலை வைத்தாள். விரல் அழுத்த மறுத்தது. படத்தைத் தொடக்கத்துக்குத் தள்ளினாள். திரையில் ஈரப் புல் மட்டும் நின்றது.

கதவு திறந்தது.

"கர்ட் சொன்னான்," என்றாள் ரோவீனா. மாவும் கோஸும் மணக்க, மூச்சிரைக்க நின்றாள். "அக்டோபர் வீடியோ கிடைச்சுதாமே?"

"இல்லம்மா... கார்டு கெட்டுப்போச்சு. ஒண்ணும் தெரியல."

"அப்புறம் இது என்ன, புல்லு? நகரு." அம்மா ஏறி உட்கார்ந்தாள். "பொய் சொல்லவும் ஒரு தெறமை வேணும்டி. உங்கப்பாவுக்கும் வராது, உனக்கும் வராது."

"கூட்டம் முடியட்டும்மா. அப்புறமா..."

"கூட்டம் கிடக்கட்டும்." அம்மா ஏப்ரனில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "உன்கிட்ட ஒண்ணு சொல்றேன். லூயெல்லாகிட்டகூடச் சொல்லல. பத்து மாசமா மாதாகிட்ட நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். அந்த மனுஷன் பண்ணலைன்னு ஒரே ஒரு தடவை என் கண்ணுல காட்டுன்னு. அவ்வளவு கோவத்தையும் வெச்சுக்கிட்டு ராத்திரியெல்லாம் அதைத்தான் வேண்டிக்கிட்டுக் கிடந்தேன். சிரிக்காத."

மார்லிஸ் சிரிக்கவில்லை.

"அவர் பண்ணலைன்னு தெரிஞ்சுட்டாப் போதும். பெட்டியைக் கட்டினவளுக்குப் பிரிக்கத் தெரியாதா?" கழுத்துச் சங்கிலியில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டாள். "என்ன, வாயடைச்சுப் போய் உக்காந்திருக்க? போடு."

"அம்மா, வேண்டாம்மா."

அந்தக் குரலில் என்ன கேட்டதோ, ரோவீனா ஒரு கணம் மகளை உற்றுப் பார்த்தாள். பிறகு அந்தக் கண்கள் திரைக்குத் திரும்பின. அவற்றில் இருந்தது நம்பிக்கை. மார்லிஸ் அதைப் பார்த்துப் பத்து மாதம் ஆகியிருந்தது.

வண்டியின் முன்கண்ணாடிக்கு அப்பால், வெளுத்த தாள்வெளியின் நடுவே, ஒரு நீண்ட உருவம் ஒரு கையை முன்னால் நீட்டியபடி ஓடி வந்துகொண்டிருந்தது. இன்னும் தூரத்தில்.

"எதை அழுத்தணும்?" என்றாள் அம்மா. "இதுவா?"

அழுத்தினாள்.